வளரிளம் பிள்ளைக்குத் தீராத வலி, கூடவே மனச்சோர்வு: எதை முதலில் செய்வது, எதை அடுத்துச் செய்வது

மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிற, அல்லது போய்ப் போய்த் திரும்பி வருகிற வலியை நாள்பட்ட வலி என்கிறார்கள். 12 முதல் 18 வயதுக்குள் உள்ள பிள்ளைக்குத் தலைவலி, வயிற்றுவலி, முதுகுவலி, மூட்டுவலி என்று ஏதோ ஒன்று அப்படி இருந்து, பதற்றமோ மனச்சோர்வோ சேர்ந்திருந்தால் இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். மகளோ மகனோ, வசதிக்காக இங்கே மகள் என்றே எழுதுகிறேன்.

இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமில்லை. நார்வேயின் ட்ரொண்ட்ஹைம் நகரில் மனநலச் சிகிச்சைக்கு வந்த 13–18 வயதினரிடம் விசாரித்தபோது, ஏறக்குறைய பத்தில் ஏழு பேருக்கு நாள்பட்ட வலி இருந்தது. தசை, மூட்டு சார்ந்த வலிகளே அதில் அதிகம்.

நம் வீடுகளில் வழக்கமாக நடக்கிற வரிசை இது: எல்லா டெஸ்ட்டும் எடுப்பது, ஒன்றும் இல்லை என்றதும் மனநல டாக்டரிடம் போவது, வலி முழுக்கப் போனபிறகு பள்ளிக்கு அனுப்புவது. ஆலோசனைக்கு வரும் குடும்பங்களில் நான் பார்த்தவரை, ஒரு வருடம் வீணாவது பெரும்பாலும் இந்த வரிசையால்தான். உடலையும் மனதையும் ஒரே நேரத்தில் பார்க்கத் தொடங்க வேண்டும். அன்றாட வாழ்க்கை முதலில் திரும்பும், வலி அதற்குப் பின்னால்தான் குறையும்.

## 1. தொடங்கும் முன்: ஒரு ஃபைல், ஒரு நோட்டு, ஒரு மருத்துவர்

இதுவரை எடுத்த ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் போடுங்கள். ஃபைல் இல்லாமல் புது மருத்துவரிடம் போனால் அவர் அதே டெஸ்ட்டுகளை மறுபடி எழுதுவார். ஒவ்வொரு புது ஸ்கேனும் "எனக்குள் இன்னும் கண்டுபிடிக்காத ஏதோ பெரிய வியாதி இருக்கு" என்ற பயத்தைப் பிள்ளையின் மனதில் ஏற்றும்.

அடுத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டு. இரவில் ஒருமுறை, ஒரு வரி போதும்: எத்தனை மணிக்குத் தூங்கி எழுந்தாள், பள்ளிக்குப் போனாளா, என்ன மாத்திரை எடுத்தாள், மாதவிடாய் நாளா, வலி 0 முதல் 10-க்குள் எவ்வளவு. மணிக்கொருமுறை வலிக்கு மதிப்பெண் போடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். அது வேண்டாம். கவனம் முழுவதும் வலியிலேயே நின்றுவிடும்.

கடைசியாக, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒரே ஒரு மருத்துவர். குழந்தை நல மருத்துவரோ குடும்ப மருத்துவரோ இருக்கலாம். நரம்பு, எலும்பு, வயிறு என்று தனித்தனி நிபுணர்கள் தனித்தனியாக மாத்திரை எழுத, யாரும் மொத்தத்தையும் பார்க்காமல் போவது மிகச் சாதாரணமாக நடக்கிறது.

## 2. அபாய அறிகுறிகளை முதலில் வடிகட்டுங்கள்

மனநலப் பிரச்சினை இருக்கும் பிள்ளைக்கும் குடல்வால் வீங்கும், கட்டி வரும். "இவளுக்கு எப்பவும் இப்படித்தான்" என்று ஒதுக்கிவிடக் கூடாது என்பதால்தான் இந்தப் படி முன்னால் நிற்கிறது. கீழே உள்ளவற்றில் ஏதாவது இருந்தால் மற்ற படிகளை நிறுத்திவைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.

தலைவலி: தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி, காலையில் வாந்தியோடு வருவது, பார்வை மங்குவது அல்லது இரண்டாகத் தெரிவது, வலிப்பு, ஒரு பக்கம் பலவீனம், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, திடீரென்று இடிபோல் தாக்குகிற வலி.

வயிற்றுவலி: எடை குறைவது, வளர்ச்சி நின்றுபோவது, மலத்தில் ரத்தம், பச்சை நிற வாந்தி, இரவில் எழுப்பும் வயிற்றுப்போக்கு, விடாத காய்ச்சல், வலது கீழ்வயிற்றில் நிலைத்து நிற்கும் வலி. வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். குடலிலும் முதுகெலும்பிலும் காசநோய் வரும்.

மூட்டு, எலும்பு, முதுகு: மூட்டு வீக்கம், காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் விறைப்பு, ஒரே எலும்பில் இரவில் கூடும் வலி, நொண்டி நடப்பது, சிறுநீர் மலக் கட்டுப்பாடு போவது. இடுப்பு மூட்டில் கோளாறு இருந்தாலும் இந்த வயதில் முழங்கால்தான் வலிக்கிறது என்பார்கள். அதனால் முழங்காலை மட்டும் படம் எடுத்துவிட்டு அனுப்பினால் இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். நீலகிரியின் பழங்குடிக் குடும்பங்களில் அரிவாள் செல் சோகை இருப்பதால், அங்கே உடல்வலி என்றாலே அந்த ரத்தப் பரிசோதனையும் தேவை.

மாதாமாதம் பள்ளிக்கே போக முடியாத அளவு மாதவிடாய் வலி வந்தால் "பொண்ணுன்னா அப்படித்தான்" என்று விடாமல் மகளிர் நல மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதெல்லாம் இல்லை, மருத்துவர் தொட்டுப் பார்த்துவிட்டார், அடிப்படை ரத்தப் பரிசோதனை, தைராய்டு சரி என்றால் அடுத்த படிக்குப் போகலாம். இன்னொரு எம்.ஆர்.ஐ. வேண்டியதில்லை.

## 3. உயிருக்கு ஆபத்து உண்டா என்று நேராகக் கேளுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிப் போகிறார்கள். நீண்ட வலியும் மனச்சோர்வும் சேர்ந்த பிள்ளைகளுக்குச் சாக வேண்டும் என்ற எண்ணம் வருவதுண்டு. கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் பயப்படுகிறார்கள். கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை. பல பிள்ளைகள் "அப்பாடா, கேட்டுட்டாங்க" என்றுதான் உணர்கிறார்கள்.

தனியாக இருக்கும்போது, குரலை உயர்த்தாமல் கேளுங்கள்: "இவ்வளவு நாளா வலியோட இருக்கியே கண்ணு, வாழவே வேண்டாம்னு தோணியிருக்கா? எப்படிச் செய்யலாம்னு யோசிச்சிருக்கியா?" ஆமாம் என்று சொன்னால் அழுது புலம்பாதீர்கள், சத்தியம் வாங்காதீர்கள். அவளைத் தனியே விடாமல் அன்றைக்கே மனநல மருத்துவரிடமோ அரசு மருத்துவமனைக்கோ அழைத்துப் போங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104-லும் ஆலோசனை கிடைக்கும்.

பதில் எதுவாக இருந்தாலும் வீட்டில் ஒரு வேலை பாக்கி. பாராசிட்டமால் உட்பட எல்லா மாத்திரைகளையும் பூட்டி வையுங்கள்; அளவுக்கு மீறினால் பாராசிட்டமாலே கல்லீரலை அழிக்கும். எலிபேஸ்ட், பூச்சிமருந்து, கொங்குப் பக்கம் என்றால் சாணிப்பவுடர், இவை வீட்டிலேயே இருக்கக் கூடாது. ஆபத்தான எண்ணம் பெரும்பாலும் அலைபோல் வந்து போகும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே பாதி பாதுகாப்பு.

இன்னொன்று: அடிவயிற்று வலி, குறிப்பிட்ட ஒரு ஆளையோ இடத்தையோ பார்த்தால் கூடும் வலி, இவற்றுக்குப் பின்னால் பாலியல் தொல்லை இருக்கலாம். எல்லா வலியும் அப்படி என்று அர்த்தமில்லை; ஆனால் கேட்க வேண்டும். சொன்னால் நம்புங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கு அழையுங்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் தராமல் இருப்பதே குற்றம்.

## 4. மனநல மருத்துவரை "கடைசியில்" பார்க்காதீர்கள்

பத்து டெஸ்ட் எடுத்துவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, மனநல டாக்டரைப் பாருங்க" என்று அனுப்பினால் பிள்ளையின் காதில் விழுவது ஒன்றுதான்: நான் பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறார்கள். அதன்பின் கவுன்சலிங் அறையில் உட்கார்ந்து வாயே திறக்க மாட்டாள்.

எனவே முதல் ரத்தப் பரிசோதனை எடுக்கும் அதே வாரத்தில் மனநலப் பரிசோதனைக்கும் நேரம் வாங்குங்கள். "வலி இருந்தா தூக்கமும் மனசும் கெடும், அதையும் சேர்த்துப் பார்க்கிறாங்க" என்று சொன்னால் போதும். அது பொய்யும் இல்லை. தமிழ்நாட்டில் மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இயங்குகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்தில் இருந்தால் அங்கேயே குழந்தை நலம், மனநலம், பிசியோதெரபி மூன்றும் ஒரே வளாகத்தில் கிடைக்கும். மூன்றுக்கும் ஒரே நாளில் ஓ.பி. சீட்டு போட முடிவது சின்ன விஷயமில்லை.

கவுன்சலிங் என்ற பெயரில் ஒரு மணி நேரம் அறிவுரை சொல்லி அனுப்பும் இடங்களும் உண்டு. அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, அதாவது சி.பி.டி., பயிற்சி பெற்றவரா என்று கேளுங்கள். வலியைக் கண்டு எழும் பயம், அதனால் தவிர்க்கும் செயல்கள், இவற்றைப் படிப்படியாக மாற்றும் முறை அது. வீட்டுப்பாடம் கொடுப்பார்கள். கொடுக்கவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள்.

## 5. வலியைப் பிள்ளைக்கு விளக்குங்கள்

இதைச் செய்யாமல் நடைப்பயிற்சிக்கோ பள்ளிக்கோ தள்ளினால் அடுத்த வாரமே எல்லாம் நின்றுவிடும். உள்ளே எலும்பு உடைந்திருக்கிறது என்று நம்புகிறவள் எப்படி நடப்பாள்?

இப்படிச் சொல்லிப் பாருங்கள்: தெருவில் நிற்கும் பைக்கில் அலாரம் வைத்திருப்பார்கள். திருடன் தொட்டால் கத்த வேண்டியது. சில பைக்கில் பூனை தாண்டினாலே கத்தும். சத்தம் நிஜம், திருடன்தான் இல்லை. உன் நரம்பு மண்டலமும் இப்போது அப்படித்தான் கூர்மையாகியிருக்கிறது. பயம், தூக்கமின்மை, கவலை எல்லாம் அதை இன்னும் கூர்மையாக்கும். அசைந்தால் வலிக்கலாம், ஆனால் அசைவதால் எதுவும் கெட்டுப்போகாது.

"எல்லாம் மனசுலதான்", "நடிக்காதே", "ஸ்கூலுக்கு மட்டம் போடத்தானே" என்ற மூன்றையும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. பாட்டி, தாத்தா, பெரியப்பா எல்லோருக்கும் இது பொருந்தும். கண்ணேறு கழிப்பதையும் தாயத்து கட்டுவதையும் தடுக்க முயன்று சண்டை போட வேண்டாம். சிகிச்சைக்குக் குறுக்கே வராதவரை இருந்துவிட்டுப் போகட்டும்.

## 6. எழும் நேரத்தை முதலில் பிடியுங்கள்

தூக்கம் சரியாகாமல் உடற்பயிற்சியைத் தொடங்கினால் சோர்வுதான் மிஞ்சும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். டியூஷன் முடிந்து ஒன்பதரைக்கு வீடு திரும்பி, சாப்பிட்டு, ஹோம்வொர்க், பிறகு போன் என்று போனால் கணக்கு உதைக்கும்.

தூங்கும் நேரத்தை யாராலும் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது. எழும் நேரத்தை முடியும். ஞாயிறு உட்பட ஒரே நேரத்தில் எழ வையுங்கள், எழுந்ததும் வெளிச்சத்தில் சிறிது நேரம். பகல் தூக்கம் வேண்டாம். போன் இரவில் கூடத்தில் சார்ஜ் ஏறட்டும், அப்பாவின் போனும் சேர்த்து.

## 7. சின்ன அளவு, ஆனால் தினமும்

பெரும்பாலும் நடப்பது இது: வலி குறைந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், கடைவீதி என்று எல்லாம் ஒரே நாளில்; அடுத்த மூன்று நாள் படுக்கை. பிறகு "அசைஞ்சாலே வலி" என்ற முடிவு. உடம்பு மெல்ல மெல்ல உழைப்பை மறந்துவிடும்.

மாற்று வழி கணக்கோடு தொடங்குகிறது. மூன்று நாள், வலி தாங்க முடியாமல் போகும் முன் எவ்வளவு நேரம் நடக்க முடிகிறது என்று பாருங்கள். 20, 10, 15 நிமிடம் என்றால் சராசரி 15. அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்து 12 நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல நாளிலும் 12, கெட்ட நாளிலும் 12. வாரம் ஒருமுறை ஓரிரு நிமிடம் கூட்டலாம்.

நல்ல நாளில் நிறுத்துவதுதான் கடினம். அவளுக்கே இன்னும் போக ஆசையாக இருக்கும், நீங்களும் "முடியுதுன்னா போயேன்" என்பீர்கள். அங்கேதான் திட்டம் உடைகிறது. அளவைத் தீர்மானிப்பது வலியாக இருக்கக் கூடாது, முன்கூட்டியே எழுதிய எண்ணாக இருக்க வேண்டும். வலிக்கும் வேலைக்கும் உள்ள முடிச்சு அவிழ்வது அப்போதுதான்.

நடையே வேண்டும் என்றில்லை. அவளுக்குப் பிடித்த நடனமோ சைக்கிளோ மேல். பிசியோவிடம் போனால் சூடு வைப்பதோடும் கரன்ட் வைப்பதோடும் முடிந்துவிடாமல், வீட்டில் செய்யும் பயிற்சியை எழுதி வாங்குங்கள்.

## 8. வீட்டில் வலியைப் பற்றிய பேச்சைக் குறையுங்கள்

2006-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே உதவும். லின் வாக்கர் என்ற அமெரிக்க உளவியலாளரும் குழுவினரும் பிள்ளைகளை வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். பிறகு சில பெற்றோரை அந்த அசௌகரியத்தைப் பற்றியே பேசச் சொன்னார்கள், சிலரை வேறு பேச்சுக்குத் திருப்பச் சொன்னார்கள். அதைப் பற்றியே பேசிய இடத்தில் பிள்ளைகளின் புகார் ஏறக்குறைய இரு மடங்கானது, திருப்பிய இடத்தில் பாதியானது. சுவாரசியம் என்னவென்றால், பேச்சைத் திருப்புவது தங்கள் பிள்ளைக்குக் கெடுதல் செய்யுமோ என்று வயிற்றுவலிப் பிள்ளைகளின் பெற்றோர் கவலைப்பட்டார்கள். பிள்ளைகளோ அப்படி நினைக்கவில்லை.

ஆகவே காலையில் எழுந்ததும் "வலி எப்படியிருக்கு?" வேண்டாம். "இன்னைக்கு என்ன பீரியட்?" போதும். அவளாகச் சொன்னால், "ம்ம், கஷ்டம்தான். கொஞ்ச நேரம் மூச்சை மெதுவா இழுத்து விட்டுட்டு வா, தோசை ஆறுது" என்று ஏற்றுக்கொண்டு நகருங்கள். காதில் வாங்காததுபோல் இருப்பது இதில்லை.

## 9. பள்ளிக்குத் திரும்புதல்

"முழுசா சரியானதும் அனுப்புறோம்" என்று காத்திருந்தால் நாள் போகப் போகப் பயம் ஏறும். பாடம் பின்தங்கும், தோழிகள் வேறு கூட்டு சேர்ந்திருப்பார்கள். அதனால் 6, 7-ஆம் படிகள் தொடங்கி இரண்டு, மூன்று வாரத்திலேயே பள்ளி வேலையை ஆரம்பியுங்கள்.

முதலில், பள்ளியில் என்ன பிரச்சினை என்று கேளுங்கள். ஞாயிறு மாலை கூடி வெள்ளி மாலை குறைகிற வலி ஏதோ சொல்கிறது. கேலியா, ஒரு குறிப்பிட்ட ஆசிரியரா, ரேங்க் வாரியாக உட்காரவைப்பதா, போகவே முடியாத கழிவறையா? அதைத் தீர்க்காமல் அனுப்பினால் வலியைக் குறை சொல்லிப் பயனில்லை.

அடுத்து, பெற்றோர் மட்டும் தலைமையாசிரியரையும் வகுப்பாசிரியரையும் பாருங்கள். மருத்துவர் கடிதம் கையில் இருக்கட்டும். அதில் மனநல விவரம் எல்லாம் தேவையில்லை. "நாள்பட்ட வலிக்குச் சிகிச்சையில் இருக்கிறார், படிப்படியாக வருவார்" என்பது போதும். எவ்வளவு சொல்லலாம் என்பதை மகளிடம் கேட்டுத் தீர்மானியுங்கள். ஸ்டாஃப் ரூமில் பேச்சாகிவிட்டால் அதன்பின் அவள் போக மாட்டாள்.

பள்ளியிடம் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். முதல் வாரம் பிடித்த இரண்டு பீரியட் மட்டும், பிறகு மதியம் வரை, பிறகு முழுநாள். வலி கூடினால் பத்து நிமிடம் உட்கார ஓர் இடம், அதன்பின் மறுபடி வகுப்பு. நம்பிப் பேச ஓர் ஆசிரியர். விடுபட்ட நோட்ஸை எல்லாம் எழுதச் சொல்லாமல் முக்கியமானதை மட்டும் தருவது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, வலி என்றதும் வீட்டுக்குப் போன் போட்டு அழைத்துப் போகச் சொல்லும் வழக்கத்தை நிறுத்தக் கேட்பது. காய்ச்சல், வாந்தி, 2-ஆம் படியில் சொன்ன அறிகுறிகள் இருந்தால் மட்டும் போன். இல்லாவிட்டால், கிளம்பினால் வலி குறைகிறது என்று நரம்பு மண்டலம் கற்றுக்கொள்ளும்.

போகாத நாளும் வரும். அன்றைக்கு வீடு சலிப்பாக இருக்கட்டும். டிவி, போன், பிடித்த பிரியாணி எதுவும் பள்ளி நேரத்தில் இல்லை. தண்டிக்கவும் வேண்டாம், கொண்டாடவும் வேண்டாம்.

## 10. மருந்து எங்கே நிற்கிறது

தலைவலிக்குச் சாதாரண வலிநிவாரணியை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ மூன்று மாதத்துக்கும் மேலாக எடுத்தால், அந்த மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். வாரத்துக்கு இரண்டு நாளைத் தாண்டினாலே மருத்துவரிடம் சொல்லுங்கள். நோட்டில் மாத்திரைக்கு ஒரு கட்டம் வைத்தது இதற்குத்தான். டிராமடால் போன்ற ஓபியாய்டு மருந்துகளை, அதாவது பழக்கமாகிவிடக்கூடிய அபினி வகை வலிநிவாரணிகளை, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுக்கவே கூடாது.

ஒற்றைத் தலைவலிக்குத் தினசரி மருந்து எழுதினால் அதிசயத்தை எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவில் 8 முதல் 17 வயதினரிடம் நடத்தி 2017-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அமிட்ரிப்டிலின், டோபிராமேட் என்ற இரண்டு தினசரி மருந்துகளும் போலி மாத்திரையை, அதாவது மருந்தே இல்லாத மாத்திரையை, வெல்லவில்லை. போலி மாத்திரை எடுத்தவர்களிலேயே 61 சதவீதம் பேருக்குத் தலைவலி நாட்கள் பாதியாகவோ அதற்கும் கீழோ குறைந்தன. 2013-இல் வந்த இன்னொரு ஆய்வில், அமிட்ரிப்டிலினோடு சி.பி.டி.யும் சேர்த்தவர்கள் அமிட்ரிப்டிலினோடு தலைவலி பற்றிய விளக்கம் மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள்.

மனச்சோர்வுக்கோ பதற்றத்துக்கோ மாத்திரை எழுதினால் அது வேறு கணக்கு, தேவையானவர்களுக்கு உதவும். முதல் சில வாரங்கள் மட்டும் கூர்ந்து கவனியுங்கள். படபடப்பு, எரிச்சல், தற்கொலை எண்ணம் கூடினால் அன்றே மருத்துவரை அழையுங்கள். சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்த வேண்டாம்.

## 11. மறுபடி வலி வரும்போது

வரும். அரையாண்டுத் தேர்வு, காய்ச்சலுக்குப் பின், வீட்டில் ஒரு துக்கம். அப்போது பெற்றோர் பயந்து புது மருத்துவரைத் தேடி ஓடுவதும், எல்லாத் திட்டத்தையும் கைவிடுவதும் சகஜம்.

முதலில் 2-ஆம் படிப் பட்டியலை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். புதிதாக எதுவும் இல்லை என்றால் 3-ஆம் படிக் கேள்வியை மறுபடி கேளுங்கள். பிறகு எழும் நேரத்தை அப்படியே வைத்துக்கொண்டு, நடையையும் பள்ளி நேரத்தையும் ஒரு படி மட்டும் குறையுங்கள். பூஜ்யத்துக்கு இறக்காதீர்கள். ஒரு வாரத்தில் பழைய அளவுக்கு ஏற்றலாம்.

ஆறு வாரம் விடாமல் செய்தும் பள்ளி வருகையோ தூக்கமோ கொஞ்சமும் முன்னேறவில்லை என்றால், நோட்டையும் ஃபைலையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போய்த் திட்டத்தை மாற்றிக் கேளுங்கள். வலியின் மதிப்பெண் இன்னும் 6-லேயே நிற்கிறது, ஆனால் வாரத்தில் நான்கு நாள் பள்ளிக்குப் போகிறாள் என்றால் எதையும் மாற்ற வேண்டாம்.